மலையாளம் மட்டும் கெடட்டும்

மூணாறு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் பிஜுவின் டி.டி.பி. கடையில் முருகேஸ்வரி பதினோரு வருடமாகத் தமிழ் அடிக்கிறாள். எஸ்டேட் கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் பெருநாள் நோட்டீஸ், காதுகுத்துப் பத்திரிகை எல்லாம் அவள் கைபட்டதுதான். மலையாளம் அடிக்க வந்த டின்சி மூன்றே மாதத்தில் அந்தக் கையை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டாள். அவள் வெப் பேஜும் போடுவாளாம். பிஜு மூச்சுக்கு மூச்சு "டின்சியக் கேளு" என்றான். ஒவ்வொரு தடவையும் முருகேஸ்வரிக்கு வயிறு எரிந்தது.

ஜீப் டிரைவர் சங்கத்துக்கு வெப் பேஜ் போடும் வேலை வந்தது. தமிழ் டிரைவர்களின் பெயர்களை முருகேஸ்வரி அடித்தாள், மலையாளப் பகுதியை டின்சி. இது முடிந்ததும் வெப் வேலை முழுவதற்கும் ஒருத்தியைப் பொறுப்பாகப் போடப்போவதாக பிஜு சொல்லியிருந்தான். யாரை என்று சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்?

"சேச்சி, வெப் பேஜா சேவ் பண்ணி ஏத்திருங்க" என்று சொல்லிவிட்டு டின்சி சாப்பிடப் போனாள்.

சேவ் கொடுத்ததும் கம்ப்யூட்டர் கேட்டது: இப்படிச் சேமித்தால் சில எழுத்துகள் அழிந்துவிடும், எல்லா மொழி எழுத்தும் தாங்கும் யூனிகோடுக்கு மாற்றட்டுமா? கீழே மாதிரி காட்டியது. டின்சியின் மலையாளம் முழுக்கக் கேள்விக்குறி. கடையின் பழைய ஃபான்டில் அடித்த முருகேஸ்வரியின் தமிழ் மட்டும் கலையாமல் இருந்தது.

கெடட்டுமே. மலையாளம் கெட்டால் அதை அடித்தவளைத்தானே பிஜு கேட்பான்? ஒரு நாளாவது டின்சி வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும். மாற்ற வேண்டாம் என்று அழுத்தினாள். பக்கத்தை ஏற்றி, சங்கத்து வாட்ஸாப்புக்கு லிங்கையும் அனுப்பினாள். மனசு குளிர்ந்தது.

அரைமணி நேரத்தில் சங்கச் செயலாளர் சுடலைமணி போனை நீட்டிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, என்ன இது? மலையாளம் பூராம் கேள்விக்குறி. நம்ம ஆளுக பேரு அதவிட மோசம். இங்கிலீசு எழுத்தாக் கொட்டிக் கெடக்கு."

இங்கிலீஷ் எழுத்துக்குத் தமிழ் உருவம் மாட்டிக் காட்டும் அந்தப் பழைய ஃபான்ட் கடைக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது, எந்த போனிலும் இல்லை. பதினோரு வருடமும் அவள் எழுத்து காகிதத்தில்தான் வெளியே போனது. போனில் எப்படித் தெரியும் என்று பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

"யாரு சேவ் பண்ணினது?" என்றான் பிஜு.

அப்போதுதான் உள்ளே வந்த டின்சி திரையைப் பார்த்தாள், பிறகு முருகேஸ்வரியைப் பார்த்தாள். "நான்தான் சேட்டா. கவனிக்கல."

"நீயா? சரி, போகட்டும். எல்லாத்தையும் நீயே சரி பண்ணிரு" என்று சொல்லி, பிஜு சுடலைமணிக்கு டீ சொல்லப் போனான்.

டின்சி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "தமிழ்ப் பேரெல்லாம் வாசிங்க சேச்சி. நான் யூனிகோடுல அடிக்கிறேன்."

முருகேஸ்வரி வாசித்தாள். வாய் மூடுமுன்னே பெயர் திரையில் விழுந்தது. முருகேஸ்வரியின் தமிழ், அவளைவிட வேகமாக. நாலு பெயர் தாண்டியதும் பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"எதுக்குடி உன் தலையில போட்டுக்கிட்ட?"

"உங்க பேரச் சொன்னா உங்கள நிறுத்திருவாரு" என்றாள் டின்சி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "என்னைய நிறுத்த மாட்டாரு."

முருகேஸ்வரி அடுத்த பெயரை வாசித்தாள்.