தள்ள ஆள் வேண்டாத வண்டி

கார்டு லூர்துநாதனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று விழுப்புரம் ரயில்வே காலனியே பேசிச் சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? ரிட்டயர் ஆகிற மனுஷன் வீடு வாங்குவான், இல்லையென்றால் ஒரு மனையை வாங்கிப் போட்டு முள்வேலி கட்டுவான். இந்த ஆளோ, வந்த பிராவிடண்ட் பணத்தில் ஒரு வேன் வாங்கி, அதிலேயே குடியிருக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். எண்பத்தெட்டாம் வருஷத்தில் விழுப்புரத்தில் யாரும் அப்படிக் கேள்விப்பட்டதே கிடையாது.

அவருக்குள் ஒரு யோசனை ஓடியது. மகன் ஞானராஜுக்கு மெட்ராசில் ஒண்டுக் குடித்தனம். மகள் இருதயசெல்விக்குச் சேலத்தில் மாமியார் வீடு. இரண்டு பேரும் “வாங்கப்பா” என்றுதான் சொன்னார்கள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் இவர் போய் இறங்கினால் பேரப்பிள்ளைகளின் பாயைச் சுருட்டிவிட்டுத்தான் இவருக்கு இடம் போட வேண்டும். வாசலில் வேனை நிறுத்திக்கொண்டால் யார் பாயையும் சுருட்ட வேண்டாம். காலையில் பிள்ளைகள் வந்து கதவைத் தட்டும், தாத்தா என்று கூப்பிடும். பத்து நாள் அங்கே, பத்து நாள் இங்கே. அவர் ஆசை அவ்வளவுதான்.

சக்கரத்தின் மேல் குடியிருப்பது அவருக்குப் புதிதும் அல்ல. உத்தியோகம் முழுக்க கூட்ஸ் ரயிலின் கடைசிப் பெட்டியில், பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் துணையாகப் போனவர். அப்போதெல்லாம் கிளம்பும்போது “போய்ட்டு வர்றேன்” என்று இவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வாசலில் சம்சாரம் அமல்ராணி இருந்தாள். அவள் போன பிறகும் பழக்கதோஷத்தில் பூட்டிய கதவைப் பார்த்து இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். அதோடு அதையும் நிறுத்திக்கொண்டார்.

வேன் என்றால் எந்த வேன்? அங்கேதான் மனுஷன் ஊரையே படுத்தி எடுத்துவிட்டார். கம்பெனிக்காரர்கள் கொடுத்த வழவழ காகிதத்தை எல்லாம் அவர் சட்டை செய்யவில்லை. விக்கிரவாண்டிக்கு பஸ் ஏறுவார். லாரியும் வேனும் சாப்பாட்டுக்கு நிற்கிற ரோட்டோர ஓட்டலில் ஒரு டீயைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வார். டிரைவர்கள் கம்பெனிப் பெயரையா சொல்வார்கள்? அவர்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர்கள்தான். இன்ஜின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற வண்டி மூக்கன். சுவர் மாதிரி நிற்பது சப்பை மூஞ்சி. புதிதாக வந்திருந்த வெளிநாட்டுக் கூட்டு வண்டிக்கு ஜப்பான்காரி.

மூக்கனுக்கு இழுவை ஜாஸ்தி, டீசல் குடியும் ஜாஸ்தி என்றான் ஒருவன். சப்பை மூஞ்சியில் இன்ஜின் சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால் வெயில் காலத்தில் உட்காருகிற இடம் வெந்துபோகும் என்று இன்னொருவன் எழுந்து நின்று காட்டவே செய்தான். ஜப்பான்காரி தொட்டால் கிளம்பிவிடுவாள், ஆனால் ஒரு சாமான் போனால் மெட்ராசுக்கு ஓட வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு லூர்துநாதன் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வருவார்.

“நடுரோட்டுல நின்னுட்டா ஒத்த ஆளா கெளப்ப முடியுமாப்பா?”

பச்சைமுத்து என்கிற டிரைவர் பரோட்டாவை மென்றுகொண்டே கேட்டான். “ஒத்த ஆளா இன்னாத்துக்கு சார்? கிளீனரு இன்னா பண்ணிக்கினு இருப்பான்?”

“கிளீனர் வெச்சிக்கல.”

“சம்சாரம் எறங்கி ஒரு கை குடுக்காதா?”

“இல்ல.”

“புள்ளைங்க?”

லூர்துநாதன் டீ கிளாசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பச்சைமுத்துவுக்கு ஏன்டா கேட்டோம் என்று ஆகிவிட்டது. “அப்பிடின்னா ஜப்பான்காரியையே வாங்கிடு சார்” என்றான், குரலைத் தணித்துக்கொண்டு. “மத்ததெல்லாம் தள்ள ஆளு இருக்கறவனுக்கு.”

அன்றைக்கே முடிவாகிவிட்டது. அந்த வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, தெருப் பையன்கள் கைதட்ட எட்டுப் போட்டு, லைசென்சும் வாங்கினார். வெறும் சேசிஸாக வந்த ஜப்பான்காரியைத் திண்டிவனத்தில் பாடி கட்டுகிற சீனுவாசனின் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினார்.

சீனுவாசன் கைத்தொழிலில் கெட்டிக்காரன். காதுதான் சொன்னதற்கு மேலேயும் சேர்த்துக் கேட்கும்.

“எத்தினி பேரு போற மாதிரி சார்?”

“ஒரே ஆளு. படுத்துக்கினு போற மாதிரி.”

சீனுவாசன் பீடியைக் கீழே போட்டான். லூர்துநாதன் கழுத்தில் தொங்கிய, மாதா படம் வைத்துத் தைத்த உத்தரியக் கயிற்றை ஒரு பார்வை பார்த்தான். “நீளம்?”

“ஆறடி போதும். பின்னால ரெட்டைக் கதவு வெச்சிடு. பக்கத்துல ஒரு பெஞ்சு போடு, கூட யாருன்னா வந்தா உக்கார.”

“வராம இருப்பாங்களா சார்? வருவாங்க. இந்த மாதிரி வண்டில நாலு பேராவது கூட வருவாங்க.”

அந்த வார்த்தை லூர்துநாதனுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று சொல்ல முடியாது. “முன்னால அமல்ராணின்னு எழுதிடு. என் சம்சாரம். போய் ரெண்டு வருசம் ஆவுது” என்றார்.

“பெரிய மனசு சார் உங்களுக்கு” என்று சீனுவாசன் கும்பிட்டான். வேன் வாங்குகிறவனுக்கு எதற்கு இந்தக் கும்பிடு என்று அவராவது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

வேலை நடக்கும்போது போய்ப் பார்த்திருந்தால் பாதியிலேயே தெரிந்திருக்கும். அதற்குள் அம்மை போட்டுவிட்டது. குவார்ட்டர்சில் தனியாகக் கிடந்தார். கஞ்சிச் சட்டியை யாரோ வாசற்படியில் வைத்துவிட்டு, குரல் மட்டும் கொடுத்துவிட்டுப் போவார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றி எழுந்ததும் குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைத்தார். கட்டில், பீரோ எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு திண்டிவனம் வந்து இறங்கினார்.

பட்டறை வாசலில் வண்டி நின்றது. பால் வெள்ளை. கூரையின் மேல் ஒரு சிலுவை. பக்கவாட்டில் கொட்டைக் கறுப்பில், ‘அமல்ராணி நினைவுத் தூம்பா’.

தூம்பா என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வேதக்காரர்கள் சாவுப் பெட்டியை வைத்துக் கல்லறைக்குக் கொண்டுபோகிற வண்டிக்கு அதுதான் பெயர். சம்சாரம் நினைவாக மாதா கோயிலுக்குத் தர்மம் பண்ணுகிறார் என்று சீனுவாசன் அவனாகவே கட்டி முடித்துவிட்டான். படுக்கை என்று அவர் சொன்ன இடத்தில் இரும்புச் சட்டமும் உருளைகளும்.

“பெட்டிய வெச்சி ஒரு தட்டு தட்டினா போதும் சார், தானா உள்ள ஓடும்” என்று பூரித்துப்போய்க் காட்டினான். 

லூர்துநாதன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. “நான் குடியிருக்கறதுக்குடா சீனுவாசா. இதான் என் வீடு.”

“அய்யய்யோ!” சீனுவாசன் தலையில் அடித்துக்கொண்டான். “வேன்ல யாருன்னா குடியிருப்பாங்களா சார்? இப்பிடிப் பேஜாரு பண்ணிட்டேனே! பயப்படாதீங்க. சிலுவைய எறக்கிடறேன், எழுத்த அழிச்சிடறேன், பலகை போட்டு மெத்தை தெச்சிடறேன். ஒரு வாரம் குடுங்க. பொணம் ஏறாத வரைக்கும் இது வெறும் வண்டிதான சார்.”

ஒரு வாரம்தானே என்று லூர்துநாதனும் மனசைத் தேற்றிக்கொண்டார். அதுவரை பட்டறையிலேயே படுத்துக்கொள்ளலாம்.

அப்போதுதான் அந்த அம்மாள் ரோட்டிலிருந்து விறுவிறு என்று உள்ளே வந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது. பெயர் வெள்ளையம்மாள், ஊர் பெருமுக்கல் என்பதெல்லாம் பிறகு தெரிந்ததுதான். வந்ததும் வண்டியைத்தான் காட்டினாள்.

“இது வருமாங்க? எங்க ஊட்டுக்காரரு ஆஸ்பத்திரில காலையில பூட்டாரு. பொணம்னா எந்த டாக்சிக்காரனும் வரமாட்டன்றான். வராண்டாவுலயே போட்டு வெச்சிருக்குது.”

“இது வேற வண்டிமா. நீ போ” என்றான் சீனுவாசன். அவள் நகரவில்லை. அவன் லூர்துநாதனின் காதோரம் வந்தான். “ஏத்திடாதீங்க சார். பொணம் ஏறின வண்டிய எந்த மருமவ வாசல்ல நிறுத்த வுடுவா? சொல்லுங்க பாப்போம்.”

அவன் சொன்னதில் தப்பே இல்லை. ஞானராஜின் வீட்டு வாசல், கதவைத் தட்டுகிற பேரப்பிள்ளைகள், எல்லாம் இந்த ஒரு நடையோடு போய்விடும். அது லூர்துநாதனுக்கு நன்றாகவே தெரிந்தது. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் வந்தது வேறு.

“கூட யாரும்மா வந்திருக்காங்க?”

“யாரும் இல்லீங்க. நான் ஒருத்திதான்.”

அவர் சீனுவாசன் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் புருஷனை ஏற்றியதும், முன்சீட்டில் உட்காரச் சொன்னதற்கு அவள் கேட்கவில்லை. பின்னால் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து, உருளையில் நழுவாமல் புருஷனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கிளம்புவதற்கு முன் லூர்துநாதன் ஹெட்லைட்டையும் பின்னால் சிவப்பு விளக்கையும் போட்டார். பட்டப்பகல்தான். லைனில் இருக்கிற வண்டிக்கு வால் விளக்கு எரிய வேண்டும், அது கார்டின் ரத்தத்தில் ஊறினது.

வழி நெடுக அவள் புருஷனிடம் பேசிக்கொண்டே வந்தாள். “மரக்காணம் ரோடு திரும்பிட்டோம், படுத்துக்கினே வா. கொல்லையில மல்லாட்டை செடி புடுங்கணும்னியே, இப்ப யாரு புடுங்குவா? ஆடு உன்னத் தேடிக்கினு கத்துதாம், நான் அதுக்கு இன்னா சொல்லுவேன்?” தன் வீட்டுக்குள் ஒரு பெண் குரல் கேட்டு எத்தனை நாளாயிற்று! லூர்துநாதன் அழுதுகொண்டே ஓட்டினார். ஊர் வந்துவிடக் கூடாதே என்று மெதுவாகவும் ஓட்டினார்.

பெருமுக்கல்லில் ஊரே திரண்டு நின்றது. சிலுவை போட்ட வண்டியாச்சே என்று ஒருத்தர் இழுத்தார். “ஏத்திக்கினு வந்துச்சே, அதப் பாருய்யா” என்று இறந்தவரின் பங்காளி பூமாலை அவர் வாயை அடைத்தான். இறக்கிவிட்டு உடனே திரும்பியிருக்கலாம். அவர் திரும்பவில்லை. பந்தலில் அவருக்கும் ஒரு இடம் விட்டார்கள். ஒருத்தர் மோர் கொண்டுவந்து கொடுத்தார். எந்த ஊரு, எத்தினி புள்ளைங்க, இந்த வயசுல இன்னாத்துக்கு வண்டி ஓட்டற என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ஒரே நாளில் அவ்வளவு பேச்சு அவர் இரண்டு வருஷமாகப் பேசியதில்லை. பாடையோடு சுடுகாடு வரைக்கும் நடந்தார். திரும்பி வந்து குளித்தவர்களோடு அவரும் குளித்தார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இனிமேல் உட்கார்ந்திருக்க ஒரு காரணமும் இல்லை. வெள்ளையம்மாள் எதிரில் போய் நின்றார். “போய்ட்டு...” என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று யாரும் சொல்வதில்லை, போய் வாருங்கள் என்றும் சொல்வதில்லை. சத்தமில்லாமல் எழுந்து போய்விட வேண்டும். அதுதான் முறை. அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் வந்து வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினார்.

டக் என்றது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தொட்டால் கிளம்புகிற ஜப்பான்காரிதான்! பாவம், அவள் மேல் குற்றமில்லை. போட்ட விளக்கை இவர் அணைக்கவே இல்லை. பாட்டரி படுத்துவிட்டது.

“சார் வண்டி நின்னுடுச்சு! வாங்கடா ஜல்தி!” என்று பூமாலை குரல் கொடுத்தான். ஈர வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் பின்னால் வந்து கை வைத்தார்கள். “ம்... தள்ளு! இன்னும் கொஞ்சம்! வுடாத!” என்று சத்தம். வண்டி அசைந்தது, உருண்டது. கியரைப் போட்டு கிளச்சை விட்டதும் ஒரு உதறு உதறிக்கொண்டு இன்ஜின் பிடித்தது.

“நிறுத்தாதீங்க சார்! அப்பிடியே போய்க்கினே இருங்க! நிறுத்தினா மறுபடி படுத்துக்கும்!”

போய்க்கொண்டே இருந்தார். பின்னால் இருந்த கைகள் எல்லாம் விட்டுவிட்டன. கண்ணாடியில் அவர்கள் சிறிதாகிக்கொண்டே போனார்கள். யாரும் கையசைக்கவில்லை, அசைக்கவும் கூடாது. குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்தாயிற்று. மகன் வீட்டு வாசலும் இனிமேல் இல்லை. எதிரே ரோடு மட்டும் காலியாகக் கிடந்தது. இன்ஜின் என்னமோ ஒரு பிசிறு இல்லாமல் ஓடியது. எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடும். பச்சைமுத்து பொய் சொல்லவில்லை.

ஏரிக்கரை வளைவு வந்தது. அதைத் தாண்டினால் ஊர் மறைந்துவிடும். லூர்துநாதன் கையை நீட்டி, இன்ஜினை நிறுத்துகிற குமிழைப் பிடித்து இழுத்தார்.

வண்டி குலுங்கி நின்றது. பின்னால் ஓடிவருகிற காலடிச் சத்தம் கேட்டது. முதலில் வந்த பூமாலை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

“இன்னா சார், நின்னுடுச்சா?”

“நின்னுடுச்சுப்பா” என்றார் லூர்துநாதன். “தள்ள ஆளு வேணும்.”