நான் வைத்த பெயர்

...சிரித்திருக்கக் கூடாது, அந்த இடத்தில் சிரித்திருக்கவே கூடாது, கீழே எங்கள் கடை ஷட்டரில் கல் விழுகிறது, இன்னொன்று, இப்போது இரும்புக் கம்பி, பக்கத்துச் செருப்புக் கடை எரிகிற ரப்பர் நாற்றம் தொண்டையை அறுக்கிறது, பட்டப்பகல் மூன்று மணி, திகனச் சந்தியில் ஒரு பொலிஸ்காரன் இல்லையா, யா அல்லாஹ்... கேட்டது குமாரி மெனிக்கே, எங்கள் விதைக் கடைக்குப் பத்து வருட வாடிக்கை, போன வருடக் காயில் எடுத்த மிளகாய் விதை ஏன் சரியாகக் காய்க்கவில்லை என்று. கலப்பின விதை அப்படித்தான் என்று முடித்திருக்கலாமே! பேராதனைக் கம்பஸில் விவசாயம் படித்த திமிர். வெளிநாட்டில் மரபணு மாற்றிய விதைக்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள், விற்குமுன் மருந்தில் ஊறவைத்தால் உள்ளே தூங்குகிற மரபணு விழிக்கும், பயிர் வளரும், காய்க்கும், ஆனால் அந்தக் காயின் விதை முளைக்காது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன், சிங்களத்தில் ‘வந்த பீஜ’, மலட்டு விதை, என்று நானே பெயரும் வைத்தேன். பூஞ்சணம் பிடிக்காமல் பங்கஸ் மருந்து பூசிய எங்கள் ரோஸ் நிற விதையைக் காட்டி, இதுதானா அந்த மருந்து என்றாள். இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம்? பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் சிங்களவருக்கு மலட்டு மாத்திரை கலந்தார்கள் என்று பொய் கிளப்பி அம்பாறையில் கடை உடைத்தது அதற்கு முந்தின இரவுதான், செய்தி பார்த்துவிட்டுத்தானே கடைக்கு வந்தேன், எங்கே போனது என் புத்தி?

“வந்த பீஜ! வந்த பீஜ!” என்று கத்துகிறார்கள், மாத்திரை என்றுகூட இல்லை, அந்தப் பெயர் இந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. என் புருஷன் ஹாஷிம் சாரத்தை இறுக்கிக் கட்டுகிறார். “என்ன பேய்க்கதை இது, வித்துல மருந்தாம்! நிக்கிறது நம்மட கஸ்டமர்மார் தானே பஸீஹா, நான் எறங்கிச் செல்லிட்டு வாரன்.” “போகாதீங்க, அடிச்சிக் கொன்னுருவாங்க.” “பொய்தானே, செல்லிப்போட்டா வெளங்கும்.” பொய் என்று நம்பித்தான் இறங்குகிறார், பாவி மனிதர், நான்தான் சொன்னேன் என்று இரண்டு வார்த்தை போதும், நின்றுவிடுவார்... நின்று என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கா பயப்படுகிறேன், கம்பிக்கு இல்லையா, அவர் மண்டை உடைவதற்கு இல்லையா, சீ, நான் என்ன பெண்? கண்ணாடி நொறுங்குகிறது, யாரோ சிரிக்கிறான், அவர் கடைசிப் படியில், கை தாழ்ப்பாளில். வாயைத் திறந்துவிட்டேன்.

“ஹெல்மெட்டயாவது போட்டுட்டுப் போங்க” என்கிறேன்.