சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இன்றைக்கு நடந்த அத்தனைக்கும் அதுதான் காரணம்.

எங்கள் தொழிற்சாலையில் டின் மூடி அடிக்கும் பிரஸ் மெஷினில் அண்ணன் வேலை செய்கிறான். மூடி சிக்கினால் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். மேலே ஒரு கேமரா. கை தெரிந்தால் மெஷின் நின்றுவிடும். கையைக் கண்டுபிடிக்கும் அந்த நியூரல் நெட்வொர்க்கைக் கட்டியது நான். திரையில் பெட்டி பெட்டியாக வைத்து, ஒயர் இழுத்து இணைக்கிற வேலை. அண்ணன் என்னைப் பெட்டிக்காரி என்றுதான் கூப்பிடுவான்.

தினமும் காலையில் பஞ்சு அடைத்த கையுறையைக் குச்சியில் மாட்டி, மெஷினுக்குள் நீட்டிப் பார்ப்பான். நின்றால்தான் வேலையைத் தொடங்குவான். நேற்று எல்லோர் முன்னாலும் அதைச் செய்து சிரித்தான். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"சொந்தத் தங்கச்சி செஞ்சதை நம்ப மாட்டியா? இனிமே அந்தக் குச்சியைத் தொட்டே, உன்கூடப் பேசவே மாட்டேன்."

"சரி தாயே, தொடல," என்றான்.

இன்று காலை எட்டேகாலுக்கு ஆபீஸ் அறையில் நெட்வொர்க்கின் வரைபடத்தைத் திறந்தேன். 'கை' என்று எழுதிய பெட்டி சாம்பல் நிறத்தில் இருந்தது. நேற்று மாலை வேகத்தைச் சோதிக்க நான்தான் அதை முடக்கினேன். முடக்கினால் கேமராப் படம் அந்தப் பெட்டியைத் தாண்டிப் போய்விடும், கை தெரிந்தாலும் மெஷின் நிற்காது. ஒயர்கள் அப்படியே இருக்கும், பார்க்க ஒரு குறையும் தெரியாது. திரும்பப் போட மறந்து, சேமித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன். எட்டு மணிக்கு மெஷின் கிளம்பும்போது அந்தக் கோப்புதான் ஏறியிருக்கும்.

அண்ணனுக்குப் போன் அடித்தேன். வேலை நேரத்தில் எல்லோர் போனும் லாக்கரில் இருக்கும் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். அவன் கையை விட்டிருப்பானா? தொடமாட்டேன் என்று வாக்கு வாங்கியவளே நான்தானே, பாவி.

பிரஸ் கூடத்தில் அவன் மெஷின் மட்டும் நின்றிருந்தது. சுற்றிலும் கூட்டம்.

ஃபோர்மேன் திரும்பி என்னைப் பார்த்து விலகினார். அண்ணன் ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையும் முழங்கால்மேல். விரல்களை எண்ணினேன். பத்து இருந்தது. அவன் மடியில் கையுறை, அப்பளமாக நசுங்கிக் கிடந்தது.

"தொடலன்னு சொன்னியே," என்றேன்.

"கோவத்துல நிக்கிறவகிட்ட வேற என்னத்தைச் சொல்றது?"

அழுதுகொண்டே மெஷின் பக்கத்துத் திரையில் 'கை' பெட்டியை உயிர்ப்பித்தேன். ஒவ்வொரு ஒயரையும் மூன்று தடவை பார்த்தேன். கோப்பை ஏற்றினேன்.

"சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"அப்ப கையை வைக்கட்டுமா?" கேலி இல்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தான்.

"வேணாம்." யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அண்ணன் வேறொரு கையுறையில் பஞ்சை அடைத்து, குச்சியில் மாட்டினான். அதை நான் வாங்கிக்கொண்டேன். மெஷினை ஓட விட்டு, குச்சியை நானே உள்ளே நீட்டினேன்.