துப்பத் தெரியாத மனுஷன்

வீட்டில் உப்பைக் குறைத்து மூன்று மாதமாகிறது. குறைப்பதென்ன, விரட்டியே விட்டாள். சப்பென்று கிடந்ததைப் புருஷனோடு சேர்ந்து அவளும் விழுங்கித் தொலைத்தாள். காலையில் அவரை எழுப்பி அரைமணி நேரம் நடக்க வைப்பதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விடும். இவ்வளவுக்கும் அவர் பிரஷர் ஓர் இம்மியும் இறங்கவில்லை. ஒரு முறை நெஞ்சுவலி வந்து பிழைத்தவர். இன்னொன்று வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாத்தனாரோ, "சமையல்ல கொஞ்சம் கவனமா இருக்கக்கூடாதா அண்ணி?" என்று போனிலேயே தீர்ப்பெழுதினாள். அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்கு மனுஷன் மாத்திரையை மறந்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார். திட்டிக்கொண்டே அதை எடுத்துக்கொண்டு சிப்ஸ் கம்பெனிக்குப் போனாள். அங்கே அவர் ருசி மாஸ்டர். எண்ணெயிலிருந்து இறங்கும் ஒவ்வோர் ஈட்டுக்கும் உப்பு, காரம் சரியா என்று அவர் நாக்குதான் சொல்லவேண்டும்.

அவர் மேஜையில் தண்ணீர் பாட்டிலும் ஒரு கப்பும் இருந்தன. "இந்தக் கப் எதுக்கும்மா?" என்று சூப்பர்வைசர் பெண்ணைக் கேட்டாள்.

"மென்னு பாத்துட்டுத் துப்பறதுக்குக்கா. முழுங்கக்கூடாதுன்னு ரூல். மாஸ்டரோட கப் மட்டும் எப்பவும் காஞ்சே கெடக்கும்."

ஒரு நாளைக்கு நாற்பது ஈடு. அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. அந்த நேரம் பார்த்து அவர் உள்ளே வந்தார்.

"ஏங்க, வீட்ல நான் நாக்கு செத்துக் கெடக்கறேன். நீங்க இங்க நாப்பது தட்டு முழுங்கறீங்களா?"

"ரெண்டே ரெண்டு துண்டுதான்டி."

"நாப்பது தடவை ரெண்டு!"

"திங்கற பொருளை எப்படித் துப்பறது? தட்டை வழிச்சு நக்கி வளந்தவன் நான். வாயில போட்டா தானா உள்ள போயிடுது."

கத்த வாயெடுத்தவளுக்கு அழுகைதான் வந்தது. "நீங்க தூங்கறப்ப மூச்சு வருதான்னு மூக்குக்கிட்ட கை வெச்சுப் பாக்கறேங்க. எனக்குப் பயமா இருக்கு."

அன்றைய முதல் ஈடு வந்தது. அவர் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். அவள் கப்பை நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு, பாவம் செய்கிறவர் மாதிரி துப்பினார்.

"உப்பு சரியா இருக்கு," என்றார் துக்கக் குரலில்.

இரண்டாவது ஈடு வந்தது. பழக்கதோஷத்தில் விழுங்கிவிட்டுத் திருதிருவென்று விழித்தார். அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கப்பும் கையுமாக அவர் எதிரே உட்கார்ந்தாள். இன்னும் முப்பத்தெட்டு ஈடு இருந்தது.