நாற்பத்தொன்றாம் பக்கத்துக்கு அடுத்து

நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திருப்பிய ஜலஜாவின் கை அப்படியே நின்றுவிட்டது. அடுத்து வர வேண்டியது டிசம்பரில் அவள் எழுதிய வேதாந்த வகுப்புக் குறிப்பு. வந்ததோ நீல மையில் நெருக்கி எழுதிய ஒரு மனு. மேலே அவளுடைய அலுவலகத்தின் வரவு முத்திரை, அதன் கீழே அவள் பிரிவில் வேலை பார்க்கும் பிரதீப்பின் கையெழுத்தில் எண். இரண்டு வாரமாக அலுவலகத்தில் ரேக் ரேக்காகத் தேடிய மனு. தேடியவர்களில் அவளும் ஒருத்தி.

டெல்லி லோதி ரோடு அரசுக் குடியிருப்பில், வகுப்பெடுக்கும் கல்யாணராமனின் மகளுக்கு ஒதுக்கிய வீட்டின் முன்னறையில் சனிக்கிழமை தோறும் காலை ஏழு மணிக்கு அந்த வகுப்பு நடக்கும். பனிமூட்டம் என்று ஜனவரி முழுவதும் நடக்கவில்லை. இதுதான் அதற்குப் பிறகு முதல் வகுப்பு. பத்துப் பதினோரு பேர் வருவார்கள். எல்லோருமே சர்க்காரில் இருப்பவர்கள், அல்லது இருந்து ஓய்ந்தவர்கள். அதனாலோ என்னவோ, அங்கே யாரும் நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்வதில்லை. ஆளாளுக்குப் பழுப்பு நிற ஃபைல் அட்டை, பக்க எண் போட்ட தாள்கள், துளை போட்டுக் கோத்த டேக் கயிறு. சேஷு மாமா ஒரு படி மேலே போய் அட்டையில் 'பொருள்: ஆத்மா. துவங்கிய நாள்: 2.7.2016. முடித்த நாள்:' என்று எழுதி, கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். அது நிரம்புகிற அன்றைக்கு எல்லோருக்கும் பாதாம் அல்வா என்று சொல்லி வைத்திருக்கிறார்.

இந்த ஃபைல் அட்டைப் பழக்கம்தான் ஜலஜாவைக் கவிழ்த்தது. இப்போது எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அது டிசம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை மாலை. அலுவலக ஸ்கேனர் பழுதாகிக் கிடந்த வாரம். பிரதீப் வீட்டுக்குப் போய்விட்டிருந்தான். அவன் தட்டிலிருந்த மனுவோடு தமிழில் ஒரு கடிதம் இணைத்திருந்ததைப் பார்த்து, நாமே படித்து ஆங்கிலத்தில் சுருக்கம் எழுதிவிடலாம் என்று இவள் எடுத்து வந்து தன் மேஜையில் வைத்தாள். பக்கத்திலேயே துளை போட வேண்டிய வகுப்புத் தாள்கள். அப்போது பெங்களூரிலிருந்து மாப்பிள்ளையின் போன். மகள் ஷ்ரேயாவுக்கு மூன்று வாரம் முன்னாலேயே பிரசவ வலி வந்துவிட்டது. மேஜையில் இருந்ததை எல்லாம் ஒன்றாக அடுக்கி, துளைக்கருவியை அழுத்தி, டேக்கில் கோத்து, பையில் போட்டுக்கொண்டு ஓடியவள்தான். பேத்தியின் முகத்தைப் பார்த்த பிறகு உலகத்தில் வேறு காகிதம் எதுவும் இருந்ததாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

மனு கௌஹாத்திக் கிளையில் ஸ்டோர் கீப்பராக இருக்கும் ரத்தினவேலுடையது. மனைவி ஆராயிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டது. வாரம் இருமுறை டயாலிசிஸ். ராசிபுரத்திலிருந்து சேலத்துக்குப் பத்து வயது மகள்தான் துணைக்குப் போகிறாள். சேலம் கிளைக்கு மாற்றல் வேண்டும். போன மாதக் கடைசியில் அவர் போன் செய்து, என் மனு என்ன ஆயிற்று மேடம் என்று கேட்டபோதுதான் அது காணவில்லை என்பதே தெரிந்தது. பதிவேட்டில் கடைசியாக இருந்தது பிரதீப்பின் கையெழுத்து. சேர்ந்து ஒன்றரை வருஷம்தான் ஆன பையன், இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. அவனிடம் விளக்கம் கேட்டு மெமோ தரலாம் என்று குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டது யார்? பிரிவு அலுவலர் ஜலஜா. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் காகிதத்தின் அருமை தெரியவில்லை என்று அவன் காதில் விழும்படி சொன்னவளும் அவள்தான்.

முன்னால் கல்யாணராமன் பேசிக்கொண்டிருந்தார். மின்சார வாரியத்தில் பொறியாளராக இருந்தவர். சமஸ்கிருதத்தை ஓய்வுக்குப் பிறகு தானாகவே படித்துக்கொண்டவர். அன்றைக்கு எடுத்துக்கொண்ட விஷயம், 'செய்பவன் நான் அல்ல' என்பது. மெட்ரோ ஸ்டேஷன் விளக்கை உதாரணம் சொன்னார். வண்டி வருகிறது, போகிறது, ஒருவன் இடித்துத் தள்ளுகிறான், ஒருவன் கை கொடுத்துத் தூக்குகிறான், விளக்கு எல்லாவற்றையும் காட்டுகிறது, ஆனால் எந்த வண்டியிலும் ஏறுவதில்லை. நாம் உண்மையில் அந்த வெளிச்சம், வெறும் சாட்சி என்றார்.

கேட்கக் கேட்க ஜலஜாவுக்கு உள்ளே இதமாக இருந்தது. கை எடுத்தது, கை துளை போட்டது. மனம் மறந்தது. இதில் நான் எங்கே வந்தேன்? ஒன்பது வருஷமாகப் பிடிபடாத விஷயம் இன்றைக்கு வெண்ணெய் மாதிரி இறங்குகிறதே என்று ஒரு கணம் பூரித்துக்கூடப் போனாள். அந்தப் பூரிப்பில்தான் அவளுக்குச் சந்தேகமும் வந்தது. இத்தனை நாள் இறங்காதது, மனு மடியில் இருக்கும்போது மட்டும் இவ்வளவு சுலபமாக இறங்குமா?

மனுவின் பின்னால் இருந்த தமிழ்க் கடிதத்தைத் திருப்பினாள். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாள். 'இத யார் படிக்கிறீங்களோ அவங்களுக்கு ஆராயி வணக்கம்' என்று ஆரம்பித்திருந்தது. அதற்கு மேல் அவளால் அங்கே வைத்துப் படிக்க முடியவில்லை. அட்டையை மூடினாள்.

வகுப்பு முடிகிற நேரத்தில், "ஒரு சந்தேகம்" என்று கை தூக்கினாள். "கர்த்தா நான் இல்லேன்னு நிஜமாவே தெரிஞ்சுண்ட ஒருத்தர்கிட்ட, இதை ஏன் பண்ணினேன்னு மெமோ குடுத்தா, அவர் பதில் எழுதுவாரா?"

"எழுத மாட்டார். ஃபைல்ல சமாதின்னு போட்டுக் க்ளோஸ் பண்ணிடுவார்" என்றார் சேஷு மாமா. எல்லோரும் சிரித்தார்கள்.

கல்யாணராமனும் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தபடி, "எழுதுவார்மா. மத்தவாளை விட சீக்கிரமா எழுதுவார். இழக்கறதுக்கு ஒண்ணும் இல்லேன்னு தெரிஞ்சவருக்கு, நான்தான் பண்ணினேன்னு எழுத என்ன பயம்?" என்றார். அவருக்கு மனு விஷயம் எதுவும் தெரியாது.

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது சேஷு மாமாவிடம் மட்டும் சொன்னாள். அவரும் முப்பத்தைந்து வருஷம் ஃபைலோடு வாழ்ந்தவர். கேட்டதும் மப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு சிக்கலான கேஸ் கையில் வந்த உற்சாகத்தோடு வழி சொன்னார். செவ்வாய்க்கிழமைதானே மாற்றல் கமிட்டி கூடுகிறது? திங்கட்கிழமை காலையிலேயே மனுவை ரேக்குக்குப் பின்னாலிருந்து எடுத்ததாகக் கொண்டுபோய் வை. ரத்தினவேலுக்கு மாற்றல் கிடைத்துவிடும். பையனுக்கு ஒரு எச்சரிக்கையோடு போகும், சின்ன வயசு, தாங்கிக்கொள்வான். உனக்கு ஓய்வுக்கு நாலு மாசம். முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு கறை கிடையாது.

"அதுவும் நீயா பண்ணினே? கை பண்ணித்து. இத்தனை வருஷம் என்னத்தடி கேட்டே?" என்றார் செல்லமாக.

"மாமா, போன வருஷம் சிறந்த அலுவலர்னு ஷீல்டு குடுத்தாளே, அதைக் கை மட்டுமா வாங்கித்து? நான்னா பட்டுப்புடவை கட்டிண்டு போனேன்!"

சேஷு மாமா நின்றுவிட்டார். பஸ் வந்தது. ஏறுவதற்கு முன் அவள் தலையில் வைத்து ஆசீர்வதிப்பது போலக் கையைத் தூக்கி, பிறகு மப்ளரையே சரி செய்துகொண்டார்.

அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் ஜலஜா டேக்கை அவிழ்த்து மனுவை வெளியே எடுத்தாள். ஓரத்தில் இரண்டு துளைகள் துல்லியமாக விழுந்திருந்தன. ஆராயியின் கடிதத்திலும் அதே இடத்தில் இரண்டு. பால்கனி வெயிலில் உட்கார்ந்து முழுவதும் படித்தாள். தனக்காக அந்தப் பெண் எதுவும் கேட்கவில்லை. மகள் வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போவதில்லை, கணக்கில் கெட்டிக்காரி, அது வீணாகக் கூடாது என்று மட்டும் எழுதியிருந்தாள். ஜலஜா அதை அழகான ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதி முடித்தாள்.

திங்கட்கிழமை முதல் வேலையாகத் துணைச் செயலர் மாத்தூர் மேடத்தின் அறைக்குப் போனாள். நடந்ததை இந்தியில் முதலிலிருந்து சொன்னாள். மாத்தூர் மேடம் கெட்டவர் இல்லை. துளைகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பிரிவில் தேடியதில் கிடைத்தது என்று மட்டும் எழுதுங்கள், யார் எப்படி என்றெல்லாம் எதற்கு என்றார். சர்க்கார் ஃபைல்களில் அதுதானே வழக்கம்? காகிதங்கள் தாமாகவே தொலையும், தாமாகவே கிடைக்கும். ஆளே இருக்க மாட்டார்கள். ஜலஜா ஏற்கெனவே எழுதிக் கொண்டுவந்திருந்த குறிப்பை மேஜையில் வைத்தாள். எடுத்தது நான், கோத்தது நான், பிரதீப்புக்கு மெமோ கொடுக்கச் சொன்னதும் நான், அது ரத்தாக வேண்டும் என்று இருந்தது. மேடம் இரண்டு முறை படித்தார். இதை நான் மேலே அனுப்பித்தான் ஆக வேண்டும், என்ன வரும் என்று சொல்ல முடியாது என்றார். அச்சா மேடம் என்று எழுந்தாள் ஜலஜா. கதவருகில் போனவளை மேடம் கூப்பிட்டு, மனுவை உடனே ஸ்கேன் செய்து அனுப்புங்கள், நாளைக்குக் கமிட்டியில் நானே எடுத்துச் சொல்கிறேன் என்றார்.

பிரிவுக்குத் திரும்பியபோது பிரதீப் பிரிண்டரின் பக்கத்தில் நின்றிருந்தான். வேலூர்ப் பக்கத்துப் பிள்ளை, அப்பா ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர், வளர்ந்ததெல்லாம் டெல்லியில். கையில் அப்போதுதான் அச்சாகி வந்த தாள். மெமோவுக்கு அவன் எழுதிய பதில். என் கவனக்குறைவால் மனு தொலைந்திருக்கலாம், மன்னிக்க வேண்டும் என்று எழுதியிருந்தான். செய்யாத தப்புக்கு மன்னிப்பு. பக்கத்துப் பிரிவில் யாரோ அப்படி எழுதினால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று சொல்லிக் கொடுத்தார்களாம்.

ஜலஜா அந்தத் தாளை வாங்கி மடித்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். பிரிவிலிருந்த மற்ற இருவரும் கேட்கும்படியே சொன்னாள்.

"பிரதீப், லெட்டரை எடுத்துண்டு போனது நான். என் ஃபைல்லதான் இருந்தது. உன் மேல ஒரு தப்பும் இல்லே. நான் உன்னைப் பேசினது தப்பு."

அவன் தரையைப் பார்த்தபடி நின்றான். காது மடல் சிவந்துபோனது.

"ரெண்டு வாரமா எங்கப்பா என்கிட்ட பேசல மேடம்" என்றான் கடைசியில். "சச்சி, நெஜமாத்தான் சொல்றேன்னு எவ்ளோ சொன்னேன். சர்க்கார் காகிதத்தத் தொலைச்சவன் என் பையன் இல்லன்னுட்டாரு."

வெளிச்சம், விளக்கு, சாட்சி, எதுவும் அந்த நேரத்தில் ஜலஜாவுக்குத் துணைக்கு வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை. அந்த வார்த்தை எங்கே போய்ப் படுமோ, அங்கே படட்டும் என்று இருந்த இடத்திலேயே நின்றாள். நிற்க முடிந்தது.

"அப்பா நம்பர் குடு. நான் பேசறேன்" என்றாள்.

"சாயங்காலம் பேசுங்க. நைட் டூட்டி முடிச்சு இப்ப தூங்குவாரு" என்றான். பிறகு அவள் கையிலிருந்த மனுவைப் பார்த்து, "குடுங்க மேடம், ஜல்தி அனுப்பிடலாம்" என்று வாங்கிக்கொண்டான்.

ஆராயியின் கடிதத்தை ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்து வைத்து மூடியை அழுத்தினான். திரையில் பக்கம் மேலிருந்து கீழாக மெல்ல விரிந்தது. ஓரத்தில் இரண்டு கறுப்பு வட்டங்கள்.

"இந்த ரெண்டு ஓட்டையையும் எடிட் பண்ணி எடுத்துடவா?"

"வேண்டாம். இருக்கட்டும்."

அவன் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தை வைத்தான். மூடி முழுக்கப் பதியவில்லை. உள்ளேயிருந்த வெளிச்சம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அவசரமில்லாமல் நகர்ந்து போனது. போகிற வழியில் அது பிரதீப்பின் சட்டைப் பையையும், ஜலஜாவின் கை வளையலையும் ஒரே மாதிரி தொட்டுவிட்டுப் போனது.