பங்கு வைத்த தொலைநோக்கி

வயலைப் பங்கு போடுவார்கள், வீட்டைப் பங்கு போடுவார்கள், அண்டா குண்டானைக்கூட எண்ணிப் பங்கு போடுவார்கள். தொலைநோக்கியைப் பங்கு போட்ட குடும்பம் எனக்குத் தெரிந்து எங்களுடையது ஒன்றுதான். குழாய் பெரியண்ணன் ராஜரத்தினத்துக்கு. அதைத் தாங்குகிற ஸ்டாண்ட் சின்னண்ணன் தவசிமுத்துவுக்கு. கண்ணை வைத்துப் பார்க்கிற ஐபீஸ் இரண்டும் எனக்கு. இதை ஊர்ப் பெரியவர்கள் ஐந்து பேர் பாய் விரித்து உட்கார்ந்து, காப்பி குடித்து, நியாயமாகச் செய்தார்கள்.

அது வாங்கப்பட்டது ஹாலி வால்நட்சத்திரத்துக்காக. எண்பத்தைந்தாம் வருடக் கடைசியில் ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்தது. அப்போது மடவார் வளாகத்தில் அப்பா வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். பெரியண்ணன் நூல் ஏஜென்சி எடுத்து நாலு காசு பார்த்துக்கொண்டிருந்தார். சின்னண்ணன் லேத் பட்டறையில் வேலை பார்த்தான். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். மூன்று பேருக்கும் ஆசை இருந்தது, ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. சென்னையில் ஒருவர் கண்ணாடி தேய்த்துக் குழாயோடு செய்து தருகிறார் என்று கேள்விப்பட்டு ஆறு அங்குலக் கண்ணாடிக்குச் சொல்லிவிட்டோம். வாங்கப் போனபோது அவர் மூன்று ஐபீஸைக் காட்டி, இரண்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சொன்னார். சண்டை அங்கேயே தொடங்கிவிட்டது.

ஐபீஸின் மேல் ஒரு எண் போட்டிருக்கும். எண் குறையக் குறைய அது பெரிதாகக் காட்டும். பெரியண்ணனுக்கு அது ஒன்று மட்டும் சட்டென்று புரிந்துவிட்டது.

"நாலாம் நம்பரு முன்னூறு மடங்கு காட்டுதாம். அதை விட்டுட்டு இருபத்தஞ்சாம் நம்பரை எவனாச்சும் வாங்குவானா?" என்றார்.

"பெருசாக் காட்டுனா ஆட்டமும்தாண்ணே பெருசாத் தெரியும். வெளிச்சமும் கொறஞ்சு போகும். மொதல்ல கொறஞ்ச பவர்லதான் பாக்கணும்னு அவரே சொல்லுதாரு."

"ஏட்டி, ஒனக்கு போன் ஒயரை மாட்டுறதைத் தவிர என்ன தெரியும்?"

கடைசியில் அவருக்காக நாலும் எனக்காக இருபத்தைந்தும் வந்தன. இடைப்பட்ட பத்தாம் நம்பர்தான் எல்லாவற்றுக்கும் உதவக்கூடியது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதை அவரிடமே விட்டுவிட்டு வந்திருந்தோம்.

ஸ்டாண்டைச் சின்னண்ணன் தன் பட்டறையிலேயே கடைந்தான். வானம் சுற்றுவதற்கு ஈடாக ஒரே அச்சில் குழாயைத் திருப்பிக்கொண்டே போகிற மாதிரியான ஸ்டாண்ட் அது. அந்த அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். அவனுக்குக் கிடைத்த சீமைப் புத்தகத்தில் அச்சு பாதி உயரத்துக்கு மேல் நிமிர்ந்து நின்றது. அவனும் அப்படியே நிமிர்த்தினான். சீமையில் துருவ நட்சத்திரம் அவ்வளவு உயரத்தில் இருக்கும்; நம் ஊரில் அது அடிவானத்துக்குச் சற்று மேலே, வடக்குத் தென்னைமரங்களுக்குள் ஒளிந்து கிடக்கும். அச்சை ஏறக்குறையப் படுக்க வைக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

"படத்துல எப்பிடி இருக்கோ அப்பிடித்தான் கடைஞ்சிருக்கேன். படுக்கப் போட்டா பாக்கவே அசிங்கமா இருக்கும், குருவு" என்றான். குருவு என்றால் குருவம்மாள், நான்தான்.

முதல் நாள் சாயங்காலம் மொட்டை மாடியில் வைத்து ஆண்டாள் கோவில் கோபுரத்தைப் பார்த்தோம். அது தலைகீழாகத் தெரிந்தது. இந்த வகைத் தொலைநோக்கியில் எல்லாம் அப்படித்தான் தெரியும், வானத்தில் மேலென்ன கீழென்ன என்று நான் சொல்வதற்குள் பெரியண்ணன் மனைவி மாரியாத்தாள் மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"கோவுரத்தையே கவுத்துப் போட்டுப் பாக்கீகளே, குடும்பம் வெளங்குமா?"

விளங்காமல் போனதற்குக் கோபுரம் காரணமில்லை என்று இன்றும் சொல்லுவேன்.

ஹாலி வந்தது. விடியுமுன் எழுந்து மாடிக்குப் போவோம். பெரியண்ணன் நாலாம் நம்பரை மாட்டிக்கொண்டு கண்ணை எடுக்க மாட்டார். "ஆங், தெரியுது, தெரியுது" என்பார். பிறகு நான் பார்த்தால் கருப்பாக இருக்கும். காற்று பட்டால் போதும், குழாய் ஒரு நிமிடம் நடுங்கும். ஒருநாள் அவர் காப்பி குடிக்கக் கீழே இறங்கினார். நான் இருபத்தைந்தைப் போட்டுத் தேடினேன். பஞ்சைக் கிள்ளி வைத்தது போல ஒரு வெளுப்பு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைப்பதற்குள் அச்சுச் சரியில்லாத ஸ்டாண்டில் அது நழுவிப் போய்விட்டது. அதற்குள் அண்ணன் காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டார். அவ்வளவுதான் நான் பார்த்த ஹாலி.

அப்பா போனபின் தொண்ணூற்றொன்றில் பாகப்பிரிவினை. ராஜபாளையத்தில் அப்பா வைத்திருந்த கடையும் அங்கிருந்த வீடும் பெரியவருக்கு. மடவார் வளாகத்து வீட்டின் கீழ்ப்பகுதி சின்னவனுக்கு. எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை, அதனால் மாடி அறையும் மொட்டை மாடியும் எனக்கு. அண்ணன் தம்பி இருவருக்கும் கடையை வைத்துப் பேச்சுவார்த்தை முறிந்துபோயிருந்தது. ஆனாலும் தொலைநோக்கியை இரண்டு பேரும் விடவில்லை. கண்ணாடிக்குச் சொன்னது நான் என்றார் ஒருவர். ஸ்டாண்ட் கடைந்தது நான் என்றான் மற்றவன். அப்போதுதான் ஒரு பெரியவர் அந்தத் தீர்ப்பைச் சொன்னார். "அவனவன் செஞ்சது அவனவனுக்கு. பொம்பளப் பிள்ளைக்கு அந்தக் கண்ணாடி ரெண்டையும் குடுத்துருங்க, பாவம்." அதை உபயோகிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். என்னைப் பாவம் என்றார்கள்.

மூன்று வருடம் அந்த ஐபீஸ் இரண்டையும் பஞ்சில் சுற்றி டப்பாவில் வைத்திருந்தேன். குழாய் ராஜபாளையத்தில் பெரியண்ணன் வீட்டு ஹாலில் பூவேலைத் துணி போர்த்தி நின்றது. வருகிறவர்களிடம் "ஹாலி பாத்த குழாயி" என்று காட்டுவார். ஸ்டாண்ட் என் மொட்டை மாடியிலேயே இருந்தது. ஆனால் சின்னண்ணன் அதில் டிவி ஆன்டெனாவை மாட்டியிருந்தான். கொடைக்கானல் நிலையத்தைப் பார்த்து ஆன்டெனாவைத் திருப்ப வேண்டும். கொடைக்கானல் எங்களுக்கு வடக்கே இருக்கிறது. அதனால் அச்சை வடக்கே பார்த்து நன்றாகச் சாய்த்துப் படுக்க வைத்திருந்தான். நான் தொண்டை வற்றக் கேட்ட அதே கோணம். வால்நட்சத்திரத்துக்காகச் செய்யாததைப் பாட்டு நிகழ்ச்சிக்காகச் செய்தான். தினமும் அதற்குப் பக்கத்தில்தான் துணி காயப்போட்டேன்.

தொண்ணூற்று நாலு ஜூலையில் ரேடியோவில் சொன்னார்கள். ஒரு வால்நட்சத்திரம் துண்டு துண்டாக உடைந்து வியாழன் கிரகத்தின் மேல் ஒவ்வொன்றாக விழுகிறது, விழுந்த இடங்கள் கரிய தழும்புகளாகச் சிறிய தொலைநோக்கியிலும் தெரிகின்றன என்று. மனிதர் கண்ணெதிரே இப்படி ஒன்று நடந்ததே இல்லையாம். ஹாலியைத்தான் காப்பி குடிக்கிற நேரத்துக்குப் பார்த்தேன். இதையாவது முழுதாகப் பார்த்தே தீருவது என்று முடிவு செய்தேன். கண் என்னிடம் இருந்தது. காலும் உடம்பும்தான் இரண்டு அண்ணன்களிடம் கிடந்தன.

முதலில் கீழே இறங்கிச் சின்னண்ணனிடம் கேட்டேன்.

"ஸ்டாண்டுதானே, தாரேன். ஆனா அவிய குழாயை என் ஸ்டாண்டுல வைக்கணும்னா அவிய வாயால கேக்கட்டும்."

பஸ் ஏறி ராஜபாளையம் போனேன். பெரியண்ணன் பனியனோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"தம்பிக்காரன் வந்து அண்ணேன்னு ஒரு வார்த்த கேக்கட்டும். பொறவு பாப்போம்."

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் டெலிபோன் ஆபரேட்டருக்கு ஒரு வித்தை தெரியும். லைனின் இரண்டு முனையில் இருப்பவர்களும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, நடுவில் இருப்பவள் சொல்வதுதான் சேதி. அன்று ராத்திரி சின்னண்ணனிடம், "தவசி கடைஞ்ச ஸ்டாண்டு இல்லன்னா என் குழாயி வெறும் தகரம்னு பெரியண்ணன் சொல்லுச்சு" என்றேன். மறுநாள் போனில் பெரியண்ணனிடம், "அண்ணன் குழாயி வந்தாத்தான் என் ஸ்டாண்டுக்கு மரியாதைன்னு சின்னண்ணன் சொல்லுச்சு" என்றேன். இரண்டு பேரும் சரி என்று சொல்லிவிட்டார்கள். பொய் சொன்னதற்கு எனக்குத் துளி வருத்தமும் இல்லை. அந்த ஒரு வார்த்தையை அவர்களே சொல்லியிருக்கலாம்.

வியாழக்கிழமை சாயங்காலம் என்று ஏற்பாடு. வெள்ளிக்கிழமைப் பாட்டுக்கு முன்னால் ஆன்டெனாவை மாட்டிவிட வேண்டும் என்பது சின்னண்ணன் போட்ட நிபந்தனை. பெரியண்ணன் மதினியோடு காரில் குழாயைக் கொண்டுவந்தார். துணியைக்கூட எடுக்கவில்லை. மலைப்பக்கம் சாரல் மேகம் விலகியிருந்தது. கிழக்கே நிலா ஏறிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே சற்றுத் தெற்கே வியாழன் நின்றது. மூன்று வருடத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குழாயை ஸ்டாண்டில் ஏற்றினார்கள். "பாத்து, அண்ணே" என்றான் சின்னவன். வியாழனை விட்டுவிட்டுக்கூட இதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது.

இருபத்தைந்தை மாட்டிக் குழாயை வியாழன் பக்கம் திருப்பிவிட்டு விலகினேன். மூத்தவர் என்பதால் பெரியண்ணன்தான் முதலில் குனிந்தார்.

"ஆங், தெரியுது, தெரியுது" என்றார். "கருப்புக் கருப்பா மூணு தழும்பு."

சின்னண்ணன் பார்த்தான். கொஞ்சம் தயங்கினான். "ஆமா, மூணு" என்றான்.

பிறகு நான் கண்ணை வைத்தேன். கிரகம் இல்லை. அடுப்படிப் புகைக்குள் எரிகிற பல்பு போல ஒரு மங்கல் வெளிச்சம் மட்டும் எல்லாப் பக்கமும் சிதறிக் கிடந்தது. சரி செய்து பார்த்தேன், துடைத்துப் பார்த்தேன். அதே மங்கல்தான்.

"பவர் பத்தல. நாலாம் நம்பரைப் போடு" என்றார் பெரியண்ணன். மூன்று தழும்பை எண்ணியவருக்குப் பவர் பத்தவில்லை.

நான் டார்ச்சை எடுத்துக் குழாய்க்குள் அடித்தேன். அடியில் கண்ணாடி இருந்தது. வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப வேண்டிய வெள்ளிப் பூச்சு இல்லை. வெறும் கண்ணாடி, அதுவும் கீறல் கீறலாக, பாத்திரம் தேய்க்கிற கல் மாதிரி மங்கிப்போய் இருந்தது.

"மதினி, இதை யாரும் தொட்டாங்களா?"

"நாந்தான் தொட்டேன். வேற யாரு?" என்றாள் மாரியாத்தாள் மதினி. முகம் மலர்ந்திருந்தது. "வருசா வருசம் ஆயுத பூசைக்குக் கழத்தி, புளியும் செங்கப்பொடியும் போட்டு வெளக்கித்தான் வைக்கேன். வெள்ளையா என்னமோ ஒட்டிக்கிட்டு லேசுல போகல. போன வருசந்தான் முழுசாப் போச்சு."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அந்த வீட்டில் அந்தக் குழாயைத் தொட்டுக் கவனித்தவள் அவள் ஒருத்திதான். என் அண்ணன் மூன்று வருடத்தில் ஒருநாள், ஒரே ஒருநாள் அதற்குள் எட்டிப் பார்த்திருந்தால் போதும்.

அதற்குள் அங்கே பேச்சு ஏறிவிட்டது.

"என் பங்கை நான் கெட்டியா வச்சிருக்கேன். ஒங்க பங்கை ஒங்க வீட்டுலயே வெளக்கித் தீத்துட்டீங்க" என்றான் சின்னண்ணன்.

"ஸ்டாண்டு ஆடுதுலே. அதான் தெரியல. அன்னைக்கும் ஒன் ஸ்டாண்டுனாலதான் ஹாலி போச்சு!"

"இப்பத் தெரியுதுன்னு மூணு தழும்பு எண்ணுனது யாரு?"

"நீயும்தானே எண்ணுன!"

நான் இடையில் புகுந்து, கண்ணாடியை மட்டும் கழற்றிக் கொடுங்கள், சென்னைக்கு அனுப்பி மறுபடி தேய்த்துப் பூச்சுப் போட்டு வாங்கலாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். இந்த வியாழன் போனாலும் மற்றதையாவது பார்க்கலாம் என்றேன். நிலாவைக் காட்டினேன். பெரியண்ணன் துணியை எடுத்துக் குழாயின் மேல் போர்த்தினார்.

"என் பாகத்துல கை வைக்காத, குருவு. ஒனக்குக் குடுத்ததை நீ வச்சுக்கோ."

கார் போய்விட்டது. மறுநாள் காலை சின்னண்ணன் ஆன்டெனாவை மாட்டினான். ராத்திரி கீழே டிவியில் பாட்டு நன்றாகவே கேட்டது.

அந்த வாரப் பத்திரிகையில் வியாழனின் படம் போட்டிருந்தார்கள். ஐபீஸை இப்படியும் உபயோகிக்கலாம், படத்தின் மேல் வைத்துப் பார்த்தால் பூதக்கண்ணாடி ஆகிவிடும். இருபத்தைந்தை வைத்துப் பார்த்தேன். தழும்பு தெரியவில்லை, கிரகமும் தெரியவில்லை. அச்சு மையின் புள்ளிகள் தெரிந்தன.

பெரியண்ணன் வீட்டு ஹாலில் குழாய் இன்னும் நிற்கிறது. ஹாலி போதாதென்று இப்போது வியாழனும் சேர்ந்துகொண்டது. வருகிறவர்களிடம் மூன்று தழும்புக் கதையைச் சொல்லிவிட்டு, நான் அங்கே இருந்தால் என்னையும் சாட்சிக்குக் கூப்பிடுவார். "இவகூடப் பாத்தாளே, சொல்லு குருவு." வந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

நான் அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.