இரண்டு நாடுகளுக்கும் திருநாள்

வாசுதேவனுக்குத் தேசியத் திருநாள் என்றால் உயிர். தம்முடைய தேசத்துத் திருநாள் அல்ல, அடுத்தவர் தேசத்துடையது. கம்பளி மில் ஒன்றுக்காக நாடு நாடாகப் போய்க் கம்பளி வாங்கும் உத்தியோகம் அவருக்கு. தலைமை அலுவலகம் பம்பாயில், குடும்பம் திருச்சியில், வருஷத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு வெளிநாட்டு ஓட்டலில். போகிற இடத்தில் கொடியும் பாண்டு வாத்தியமும் கண்ணில் பட்டால் போதும், மனிதர் வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்.

பிரான்சில் ஒரு ஜூலை பதினான்காம் தேதி, தெருவில் ஆடிக்கொண்டிருந்த ரொட்டிக் கடைக்காரி ஒருத்தி இவர் கையைப் பிடித்து இழுத்து ஆடவைத்திருக்கிறாள். ஜூலை மாதத்துக் குளிரில் புவனோஸ் அயர்ஸில் விறைத்து நின்றவருக்கு, ஊர்வலம் பார்க்க வந்த ஒரு குடும்பம் சூடான சாக்லேட் வாங்கிக் கொடுத்திருக்கிறது. இவரிடம் ஊர் கேட்கவில்லை, பேர் கேட்கவில்லை, பிள்ளை குட்டி கேட்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவர்களுக்கெல்லாம் கோயில் கட்டலாம் என்று வாசுதேவன் நினைப்பார்.

ஏனென்றால் நம்மவர்கள் விடுவார்களா? எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரு தமிழ் முகம் எதிரில் வரும். எந்த ஊர் என்று ஆரம்பிக்கும். எந்தத் தெரு, எத்தனை பிள்ளைகள் என்று போகும். "பொண்ணுக்கு முப்பது வயசா? இன்னும் கல்யாணம் ஆகலையா?" என்று முடியும். ராதாவுக்கு இரண்டு சம்பந்தங்கள் நிச்சயம் வரை வந்து முறிந்திருந்தன. ஏழு வருஷமாக இந்தக் கேள்வியைக் கண்டம் விட்டுக் கண்டம் சுமந்து அவருக்கு அலுத்துப்போயிருந்தது.

இப்போது மூன்றாவது சம்பந்தம் கூடியிருந்தது. 1979 பிப்ரவரி முதல் தேதி, வியாழக்கிழமை, திருச்சியில் முகூர்த்தம். தாலி ஏறும்வரை வெளியாள் ஒருவரிடமும் வாயைத் திறப்பதில்லை என்று மனிதர் சபதமே எடுத்திருந்தார். கண் பட்டுவிடுமாம். சிட்னியில் வேலையை முடித்து ஜனவரி இருபத்தெட்டு, ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறினால் முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னால் வீட்டில் இருக்கலாம். அதைத் தவறவிட்டால் விமானத்தில் அடுத்த இடம் வெள்ளிக்கிழமைதான். அதற்குள் தாலி ஏறி மறுவீட்டு விருந்தும் முடிந்திருக்கும்.

இருபத்தைந்தாம் தேதி மாலை, பாரமட்டா பக்கத்துக் கம்பளிக் கிடங்கிலிருந்து ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தார். எதிர் இருக்கையில் ஓர் இளைஞன் வந்து உட்கார்ந்து ஒரு புன்னகை பூத்தான். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சார் தமிழா? நான் சேகர். இங்க எஞ்சினியரா இருக்கேன். சாருக்கு எந்த ஊரு?"

"பம்பாய்" என்றார் வாசுதேவன்.

"பூர்வீகம்?"

"அதுவும் பம்பாய்."

"சாருக்கு எத்தனை குழந்தைங்க?"

"குழந்தையே இல்ல தம்பி" என்று சொல்லிவிட்டு வாசுதேவன் எழுந்தார். அவர் இறங்க வேண்டியது சென்ட்ரல். ஆனால் ரயில் நடுவழியில் ஸ்ட்ராத்ஃபீல்டில் நின்றுகொண்டிருந்தது, நின்ற இடத்தில் குதித்துவிட்டார். தப்பித்தோம் என்று மூச்சு விட்டபோதுதான், மேல் தட்டில் வைத்த தோல் பை ரயிலோடு போய்க்கொண்டிருப்பது உறைத்தது. பாஸ்போர்ட் அதற்குள் இருந்தது.

ரயில்வேக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. சென்ட்ரலில் இருந்த குமாஸ்தா அவரை உட்காரவைத்து, தன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்து, ஏழெட்டு நிலையங்களுக்குப் போன் போட்டுப் பார்த்தார். பை கிடைக்கவில்லை. யாரோ புண்ணியவான் கையோடு கொண்டுபோய்விட்டான்.

ஓட்டல்காரியிடம் விசாரித்தார். நாளைக்கு ஆஸ்திரேலிய தினம் ஆயிற்றே, கடைகண்ணிகூடத் திறக்காதே என்றார். அவள் சிரித்தாள். தினம் நாளைக்குத்தான், ஆனால் விடுமுறை திங்கட்கிழமை, மூன்று நாள் சேர்ந்தாற்போல் கிடைத்தால்தானே கடற்கரைக்குப் போக வசதி என்றாள். வாசுதேவன் அறைக்கு வந்து இந்த ஊரையே வசைபாடித் தீர்த்தார். ஆகஸ்ட் பதினைந்தை யாராவது, வசதியாக இருக்கட்டும் என்று பதினெட்டாம் தேதிக்குத் தள்ளி வைப்பார்களா?

நாளைக்கு இந்தியத் துணைத் தூதரகம் கிடையாது, நமக்குக் குடியரசு தினம். சனி, ஞாயிறு எப்படியும் கிடையாது. திங்கள் இவர்களுக்கு விடுமுறை, அன்றைக்கும் கிடையாது. தந்தி அடித்து விசாரிக்கலாம் என்றால் மெட்ராஸ் பாஸ்போர்ட் ஆபீசும் நாளைக்கு மூடல். இத்தனை நாட்டுத் திருநாளை வேடிக்கை பார்த்த மனிதரை இரண்டு நாட்டுத் திருநாளும் ஒரே தேதியில் சேர்ந்து அமுக்கிப்போட்டன.

ஒரே ஒரு வழி இருந்தது. காலை ஒன்பது மணிக்குத் துணைத் தூதரக அதிகாரியின் வீட்டுத் தோட்டத்தில் கொடியேற்றம், இந்தியர் எல்லாரும் வரலாம்.

போனார். நாற்பது பேர் இருந்தார்கள். ஜனவரி வெயில் அப்போதே சுட்டது, யூகலிப்டஸ் மரத்தில் சில்வண்டுகள் காதைத் துளைத்தன. கயிற்றை இழுத்ததும் கொடி விரிந்து காகிதப்பூ உதிர்ந்தது. எல்லாரும் தேசிய கீதம் பாடினார்கள். வாசுதேவனும் பாடினார், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக. பக்தி என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருக்கலாம். பயம், வேறொன்றுமில்லை.

பாட்டு முடிந்து ஜிலேபித் தட்டுகள் சுற்ற ஆரம்பித்ததும் அதிகாரியைப் பிடித்துக்கொண்டார். வடக்கத்திக்காரர், பொறுமைசாலி. முழுக்கக் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: "அவசரப் பயணச் சான்றிதழ் தரலாம். உங்களுக்காக ஆபீசையும் திறக்கிறேன். ஆனால் நீங்கள் இன்னார் என்று உங்களை அறிந்த இந்தியப் பிரஜைகள் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே உங்களை யாருக்குத் தெரியும்?"

வாசுதேவன் சுற்றிலும் பார்த்தார். ஏழு வருஷமாகத் தெரிந்தவன் என்று எவனும் ஆகிவிடக் கூடாது என்று ஓடிய மனிதர், தெரிந்த முகம் ஒன்றாவது இருக்காதா என்று தேடினார். இருந்தது, ஒன்றே ஒன்று. ஜிலேபியும் கையுமாக நின்ற சேகர்.

"சார், நீங்களா?" என்று சேகர் கிட்டே வந்தான். "என்ன சார் ஆச்சு?"

"தம்பி, பாஸ்போர்ட் தொலைஞ்சுபோச்சு. வியாழக்கிழமை திருச்சில என் பொண்ணுக்குக் கல்யாணம். நான் போயாகணும்."

சேகர் அவரையே பார்த்தான். "சாருக்குக் குழந்தையே இல்லைன்னீங்க. ஊரு பம்பாய்னீங்க."

அவன் குத்திக்காட்டவில்லை, குழம்பிப்போய்த்தான் கேட்டான். ஆனால் அதிகாரிக்கு அந்த அளவு தமிழ் புரிந்தது போலும், அவர் முகம் இறுகியது. சுற்றிலும் ஆட்கள் கூடினார்கள். வாசுதேவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பெற்ற மகளை, கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, முன்பின் தெரியாதவனிடம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"கொஞ்சம் வழி விடுங்கோ" என்று ஒரு குரல். கதர்ப் புடவை கட்டிய ஐம்பது வயதுப் பெண்மணி. ஆஸ்பத்திரியில் டாக்டராக இருக்கும் கல்யாணி. அவரோடு, இலங்கைத் தமிழர் என்பதால் இந்த விழாவில் பாத்தியதை இல்லாவிட்டாலும் நண்பர்களுக்காக வந்திருந்த தேவராஜா என்கிற கணக்காளர்.

"திருச்சில எங்க?" என்றார் கல்யாணி.

"உறையூர்."

"உறையூர்ல எங்க?"

"நாச்சியார் கோயில் பக்கம்."

"எங்க அத்தை வீடு அங்கதான், அஞ்சு வருஷம் தங்கிப் படிச்சேன். ஹோமியோபதி டாக்டர் ஒருத்தர் உண்டே, சைக்கிள் பின்னாடி நாயை வச்சுண்டு போவார்."

வாசுதேவன் யோசித்தார். "நாய் இல்லம்மா, ஆட்டுக்குட்டி. கேரியர்ல கூடை கட்டி அதுல உக்கார வச்சிருப்பாரு. ஒருநாள் எங்க வீட்டுக் காய்கறியை அது மேஞ்சிடுச்சு, என் சம்சாரம் விமலா தெருவுல நின்னு சண்டை போட்டா."

கல்யாணியின் முகம் மலர்ந்தது. "ஆட்டுக்குட்டிதான். சரியாச் சொல்றேளான்னு பார்த்தேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உறையூர்க்காரர்தான், சந்தேகமே இல்லை. ஆனா பெத்த பொண்ணை ஏன் இல்லேன்னேள்?"

உலகத்தில் எந்தக் கேள்விக்குப் பயந்து ஓடினாரோ அதைவிடக் கொடிய கேள்வி. ஓட இடமில்லை. வாசுதேவன் சொன்னார். முறிந்த இரண்டு நிச்சயங்களைச் சொன்னார். மண்டபத்துக்குச் சொல்லிவைத்துவிட்டுத் திரும்பப் போய் வேண்டாம் என்றதைச் சொன்னார். அதன் பிறகு ராதா தெருவில் தலை நிமிராமல் வங்கி வேலைக்குப் போய் வந்ததைச் சொன்னார். "இதுவும் கெட்டுப்போயிடுமோன்னு பயம்மா. வாயில வந்தாலே கெட்டுப்போயிடும்னு பயம். வேறொண்ணும் இல்ல." நாற்பது பேர் நடுவில் ஐம்பத்தெட்டு வயது மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் சைன் பண்றேன்" என்றார் கல்யாணி.

"எத்தனை வருஷப் பழக்கம் என்று அதில் எழுத வேண்டும்" என்றார் அதிகாரி.

"பொய் எழுத மாட்டேன். ஒரு மணி நேரம்னு எழுதறேன்." கைப்பையைத் திறந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். "இது உங்களண்டயே இருக்கட்டும். மெட்ராஸ்லேந்து பதில் வந்து, இவர் சொன்னது சரின்னு தெரிஞ்சப்புறம் குடுங்கோ. தப்புன்னா நான் பதில் சொல்றேன்."

உறவா, ஒட்டா? காலையில் இந்த அம்மாளின் பெயர்கூட வாசுதேவனுக்குத் தெரியாது.

அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், அந்த அம்மாளைப் பார்த்தார், அதை அவர் பக்கமே நகர்த்தி வைத்தார். "கையெழுத்தே போதும். ஆனால் இன்னொருவர் வேண்டுமே."

தேவராஜா தொண்டையைச் செருமினார். "நான் போடுவன் ஐயா, ஆனா என்ர கையெழுத்து இங்க செல்லாது. கார் இருக்கு, அது செல்லும். படம் எடுக்கோணும் எண்டா இப்பவே கூட்டிக்கொண்டு போறன்."

"நான் போடறேன் சார்" என்றான் சேகர். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "இவர் நேத்து சொன்னது பொய்னு தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான். இன்னைக்குச் சொல்றது நெஜம்னும் எனக்குத்தான் தெரியும்."

வாசுதேவன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவரை அவன் விடவில்லை. "விடுங்க சார், எங்கப்பாவும் இப்படித்தான்."

அதற்கப்புறம் அந்த நாள் ஓடிய ஓட்டம்! இந்த நாடு தன் விடுமுறையைத் திங்கட்கிழமைக்குத் தள்ளி வைத்திருந்த புண்ணியத்தில் வெள்ளிக்கிழமை எல்லாமே திறந்திருந்தது. போட்டோக் கடைக்காரர் விஷயம் கேட்டு வரிசையில் நின்றவர்களை நிறுத்திவைத்து இவரை முதலில் உட்காரவைத்தார். வரிசையில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை, ஒரு பெண் இவர் டையைச் சரிசெய்துகூட விட்டாள். தபாலாபீசில் விமலாவுக்குத் தந்தி போனது. நேற்று இரவு இந்த ஊரை வசைபாடியதை நினைத்து வாசுதேவன் காரில் வெட்கப்பட்டுக்கொண்டே வந்தார். தேவராஜா வழியெல்லாம் வாயை மூடவில்லை. மாப்பிள்ளைக்கு என்ன வேலை, எத்தனை சகோதரம், பொம்பிளை என்ன படிச்சது என்று கேட்டார். வாசுதேவன் ஒன்று விடாமல் சொன்னார். கேட்காததையும் சொன்னார்.

மூன்று மணிக்கு, குடியரசு தின விடுமுறையில் விளக்குப் போட்ட ஆபீசில், அதிகாரி தாமே தட்டச்சு செய்தார். கல்யாணி சொன்னபடியே ஒரு மணி நேரம் என்று எழுதினார். சேகர் நேற்று முதல் என்று எழுதினான். பிறகு அதிகாரி படிவத்தை வாசுதேவன் பக்கம் திருப்பி, கடைசி வரியைக் காட்டினார். பயணத்தின் காரணம்.

வாசுதேவன் பேனாவை எடுத்தார். கை நின்றது. குடும்ப விஷயம் என்று எழுதினால் போதும், யாரும் கேட்கப்போவதில்லை. வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுத்தில் வைப்பது வேறு. முகூர்த்தத்துக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. பழைய பயத்தில் பேனாவை மூடினார், மறுபடி திறந்தார். எதிரே மூன்று பேர் காத்திருந்தார்கள். வாசலில் தேவராஜா காரை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

கண் பட்டால் படட்டும், பார்க்கிற கண் இப்படிப்பட்ட கண்ணாக இருக்கும்போது என்ன கெட்டுவிடப்போகிறது என்று தோன்றியது அவருக்கு.

என் மகள் ராதாவின் கல்யாணம் என்று, ஒவ்வோர் எழுத்தாக, பெரிதாக எழுதினார்.